காலமை முதல் ஸ்ரார்ட்ல எஞ்சின் உதறுதா? வீட்டிலயே பிழை பிடிக்க ஒரு முழு வழிகாட்டி

காலமை சாவியைத் திருப்பினா எஞ்சின் பத்துது, ஆனா ஒழுங்கா நிக்குதில்லை, டக டக எண்டு உதறுது, ஸ்லோ (எக்ஸிலேட்டரை அமத்தாமல் எஞ்சின் ஓடுற வேகம்) ஏறி இறங்குது, சில நேரம் நிண்டும் போகுது, ரெண்டு மூண்டு நிமிசம் போக ஒண்டுமே நடக்காத மாதிரி நல்லா ஓடுது. இதுக்கு எங்கட பக்கம் கனபேர் செய்யிறது என்னெண்டா பத்து மணி போல காரை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போய் "அண்ணை, காலமையில உதறுது, ஒருக்காப் பாருங்கோ" எண்டு சொல்லுறது. அவரும் ஸ்ரார்ட் பண்ணிப் பாப்பார், ஒரு பிழையும் தெரியாது, ஏனெண்டா மாங்குளத்தில இருந்து கிளிநொச்சிக்கு ஓடி வந்த எஞ்சின் நல்ல சூட்டில நிக்கும். பிறகென்ன, அனுமானத்தில பிளக் மாத்துவினம், அதில சரிவராட்டி கொயில் (பிளக்குக்கு ஸ்பார்க் கரண்ட் குடுக்கிற சாமான்), அதுக்குப் பிறகு பெற்றோல் பம்ப், காசு போய்க்கொண்டே இருக்கும், அடுத்த நாள் விடிய திருப்பியும் உதறும்.

ஆறின எஞ்சின் எண்டது ஒரு நாளைக்கு ஒருக்காத்தான் கிடைக்கும். அந்த முதல் அரை நிமிசத்தில என்ன நடக்குது எண்டு வடிவாப் பாத்து வைச்சிருந்தா பாதிப் பிழை பிடிச்ச மாதிரி. அதைப் பாக்கக்கூடிய ஆள் மெக்கானிக் இல்லை, நீங்கள்தான், கார் நிக்கிறது உங்கட முத்தத்தில. அதால கீழ எழுதியிருக்கிற எல்லாம் அந்த முதல் ஸ்ரார்ட்டைச் சுத்தித்தான் போகும், காசு போகாத வேலை முதல், காசு போற வேலை கடைசியா.

ஏன் காலமையில மட்டும்?

எஞ்சினுக்கை எரியிறது பெற்றோல் இல்லை, பெற்றோலின்ர ஆவி. சூடான எஞ்சின்ல இஞ்செக்டர் (பெற்றோலை விசிறுற சாமான்) அடிக்கிற பெற்றோல் உடன ஆவியாகி காத்தோட கலந்திடும். ஆறின எஞ்சின்ல அதில ஒரு பங்கு இன்டேக் (காத்து உள்ளுக்கை போற குழாய்) சுவரிலயும் வால்விலயும் ஈரமா ஒட்டிக்கொண்டு நிண்டிடும், அதை ஈடுகட்டத்தான் கம்பியூட்டர், அதாவது ஈசியூ, முதல் கொஞ்ச நேரத்துக்கு பெற்றோலைக் கூட்டி அடிச்சு ஸ்லோவையும் தூக்கி வைச்சிருக்கும். யுத்த காலத்தில பொருளாதாரத் தடை இருந்தப்ப வன்னியில மண்ணெண்ணையில வாகனம் ஓடின ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை, கொஞ்சப் பெற்றோலை விட்டு ஸ்ரார்ட் பண்ணி எஞ்சின் சூடேறின பிறகுதான் மண்ணெண்ணைக்கு மாத்துறது, ஏனெண்டா மண்ணெண்ணை ஆறின எஞ்சின்ல லேசில ஆவியாகாது.

அதோட அந்த நேரம் பற்றறி இரவு முழுக்க நிண்டு கொஞ்சம் இறங்கியிருக்கும், ஒயில் தடிச்சிருக்கும். அதால எங்கையாவது ஒரு சின்னப் பலவீனம் இருந்தா அது அந்த நேரத்திலதான் வெளிய வரும், சூடேறினா எஞ்சின் அதே பிழையோட சமாளிச்சு ஓடும். "மாரி காலம், குளிர், அதாலதான்" எண்டு சிலர் சொல்லுவினம், அதை நான் ஏற்க மாட்டன். எங்கட மார்கழி விடியல் குளிர் எங்களுக்குத்தான் குளிர், எஞ்சினுக்கு அது ஒரு குளிரே இல்லை, பனி கொட்டுற நாடுகளிலயே இந்தக் கார்கள் உதறாமல் ஸ்ரார்ட் ஆகுது. இங்க உதறினா எங்கையோ ஒரு பிழை கிடக்கு.

முதல் நாள் பின்னேரம்

காரை மட்டமான இடத்தில நிப்பாட்டுங்கோ. எஞ்சின் ஆறின பிறகு கூலன்ட் போத்தில்ல தண்ணி எந்த மட்டத்தில நிக்குது எண்டு ஒரு கோடு போட்டு வையுங்கோ, ஒயில் டிப் ஸ்ரிக்கையும் இழுத்துப் பாருங்கோ. சூடா நிக்கேக்க ரேடியேற்றர் மூடியைத் திறக்கவே கூடாது, கொதி தண்ணி மூஞ்சியில அடிக்கும்.

இன்னொண்டு, காரை வெயிலுக்கை இருந்து நிழலுக்கு மாத்தி விட எண்டு ஸ்ரார்ட் பண்ணி பத்து அடி உருட்டிப்போட்டு உடன ஓஃப் பண்ணுற பழக்கம் இருந்தா அதை விடுங்கோ. அந்தக் கொஞ்ச நேரத்துக்கை அடிச்ச கூடுதல் பெற்றோல் எரியாமல் பிளக்கை நனைச்சுக் கரி கட்டிப்போடும், அடுத்த ஸ்ரார்ட் உதறத்தான் செய்யும். சிலருக்கு பிழையே இதுதான். ஸ்ரார்ட் பண்ணினா சூடேறும் வரைக்கும் ஓட விடுங்கோ, இல்லாட்டி ஸ்ரார்ட் பண்ணாமல் தள்ளுங்கோ.

முதல் ஸ்ரார்ட்: கண், காது, மூக்கு

விடிய எழும்பி சாவியைத் தொட முதல் பொனற்றைத் திறந்து மணந்து பாருங்கோ, பச்சைப் பெற்றோல் மணம் அடிக்குதோ? அடிச்சா ஸ்ரார்ட் பண்ணாதேங்கோ, எங்க கசியுது எண்டு முதல் பாக்கோணும், பக்கத்தில பீடி சிகரெட் ஒண்டும் வேண்டாம். கூலன்ட் கோடு இறங்கியிருக்கோ எண்டும் பாருங்கோ. பிறகு வீட்டில ஒராளை சைலன்சருக்குப் பின்னால போனோட நிப்பாட்டி வீடியோ எடுக்கச் சொல்லுங்கோ, நீங்கள் உள்ளுக்கை இருந்து டாஷ்போர்ட்டை எடுங்கோ. நாலு பக்கமும் அடைச்ச கராஜுக்கை இதைச் செய்யாதேங்கோ, புகையில இருக்கிற காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, ஆளைக் கொண்டு போயிடும்.

இப்ப ஸ்ரார்ட். ஸ்ராட்டர் சுத்துற சத்தம் வழமையான வேகமா இல்லாட்டி முக்கி முக்கியா? முக்கினா பற்றறிப் பக்கம். நல்லா சுத்தியும் பத்த நேரம் எடுக்குதெண்டா பெற்றோல் பிறஷர் இறங்கியிருக்கலாம். உடன பத்தி ஆனா உதறுதெண்டா ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்குது (எரியாமல் விடுது), இல்லாட்டி காத்து - பெற்றோல் கலவை பிழை. ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கோ, நல்ல எஞ்சின் ஆறின ஸ்ரார்ட்ல 1200 - 1500க்கு ஏறி நிண்டு, சூடேற மெல்ல மெல்ல 700 - 800க்கு வரும். தொடக்கத்திலயே 600ல கிடந்து தடுமாறினா த்ரொட்டில் (எஞ்சினுக்குப் போற காத்தைத் திறந்து மூடுற தட்டு) பக்கம் சந்தேகப்படுங்கோ. முள்ளு ஆடாமல் அசையாமல் நிக்குது ஆனா ஸ்டியரிங்கும் சீற்றும் நடுங்குதெண்டா எஞ்சின்ல பிழையே இல்லாமல் இருக்கலாம், எஞ்சின் மவுண்ட் ரப்பர் வெடிச்சிருக்கும், எங்கட கிரவல் றோட்டுக்கு அது வெடிக்கிறது ஒண்டும் புதினமில்லை.

புகையின்ர நிறமும் கனக்கச் சொல்லும். கறுப்புப் புகையும் பெற்றோல் மணமும் எண்டா பெற்றோல் கூடிப்போச்சு. நீலம் எண்டா ஒயில் எரியுது, ஸ்ரார்ட் பண்ணின உடன மட்டும் நீலப் புகை வந்து பிறகு நிண்டா அது பெரும்பாலும் வால்வ் சீல், இரவு முழுக்க ஒயில் சொட்டுச் சொட்டா சிலிண்டருக்கை இறங்கியிருக்கும். வெள்ளைப் புகை விடியப்பறம் கொஞ்சம் வந்து மறையிறது வெறும் நீராவி, பயப்பிடத் தேவையில்லை, ஆனா தடிப்பா இனிப்பு மணத்தோட நிண்டு வந்தா கூலன்ட் எரியுது. அதைப் பற்றிக் கீழ தனியா எழுதியிருக்கிறன்.

செக் எஞ்சின் லைட் நிலையா எரிஞ்சா நாள் பாத்துக் காட்டலாம். மினுங்கி மினுங்கி எரிஞ்சா ஓடாதேங்கோ, எரியாத பெற்றோல் சைலன்சருக்குப் போய் கற்றலிற்றிக் கொன்வேட்டரை (புகையைச் சுத்தமாக்கிற சாமான்) எரிச்சுப்போடும், அது பிளக் கொயில் விலையெல்லாம் தாண்டின செலவு.

பற்றறி

மல்ரிமீற்றர் ஒண்டு வேண்டி வீட்டில வைச்சிருங்கோ, சோலார் பூட்டின வீடுகளில எப்பிடியும் இருக்கும். இரவு நிண்ட கார்ல, ஸ்ரார்ட் பண்ண முதல் 12.6 வோல்ற் காட்டினா முழுச் சார்ஜ், 12.4 பரவாயில்லை, 12.2 எண்டா பாதி, 12க்குக் கீழ எண்டா கிட்டத்தட்ட வெறுமை. ஸ்ராட்டர் சுத்தேக்க 9.6க்குக் கீழ விழுந்தா பற்றறி சோர்ந்திட்டுது. எஞ்சின் ஓடேக்க 13.8 தொடக்கம் 14.5 வரைக்கும் நிக்கோணும், இல்லாட்டி பற்றறியைச் சார்ஜ் பண்ணுற ஓல்ட்டனேற்றரைப் பாக்கோணும். பற்றறி சோர்ந்தா ஸ்ராட்டர் மட்டுமில்லை, அந்த நேரத்தில கொயிலுக்கும் இஞ்செக்டருக்கும் போற கரண்ட்டும் குறையும், அதாலதான் பத்தினாலும் உதறும்.

முனையில வெள்ளையா பச்சையா பூத்திருந்தா சுடுதண்ணியில அப்பச்சோடா கரைச்சு ஊத்திக் கழுவி, காய விட்டு, இறுக்கிப் பூட்டுங்கோ. கழட்டேக்க நெகட்டிவ் முதல், பூட்டேக்க நெகட்டிவ் கடைசி. பற்றறி கழட்டிப் பூட்டின அண்டைக்கு ஸ்லோ கொஞ்சம் ஏறி இறங்கும், ஈசியூ பழகினதை மறந்திருக்கும், கொஞ்சத் தூரம் ஓட சரிவரும், அதைப் புதுப் பிழை எண்டு நினைச்சுக் குழம்பாதேங்கோ.

எலி, புழுதி, ஹோஸ்

வயல்வெளி பக்கத்து வீடுகளில கார் வைச்சிருக்கிற ஆக்கள் இதைத்தான் முதல்ல பாக்கோணும் எண்டு நான் சொல்லுவன். அறுவடை முடிஞ்சு வயல் வெறுமையானா எலி வீட்டுப் பக்கம் வரும், சூடான எஞ்சினுக்கு மேல படுக்கும், இஞ்செக்டர் வயர், கொயில் வயர், சென்சர் வயர் எல்லாத்தையும் கடிக்கும். ஒரு இழை மட்டும் தொங்கிக்கொண்டு நிண்டா சில நேரம் கரண்ட் போகும் சில நேரம் போகாது, அப்ப பிழை ஒளிச்சு விளையாடும், கராஜ்ல எவ்வளவு தேடினாலும் பிடிபடாது. டோர்ச் அடிச்சு வயர் ஓடுற இடமெல்லாம் விரலால தடவிப் பாருங்கோ, எலிப் புழுக்கை, தும்பு, சருகு கிடந்தா இன்னும் வடிவாத் தேடுங்கோ. ஏர் பில்டர் பெட்டிக்கை அணில் தும்பு சேத்து கூடு கட்டிறதும் உண்டு.

ஏர் பில்டர்: ஏ9 நெடுஞ்சாலையில மட்டும் ஓடுற காருக்கும், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் உள் றோட்டுகளில செம்மண் புழுதிக்கை ஓடுற காருக்கும் ஒரே கிலோமீற்றர் கணக்குப் பாக்கேலாது. புழுதி றோட்டு எண்டா புத்தகத்தில சொன்ன தூரத்தில பாதியிலயே கழட்டிப் பாருங்கோ. தட்டினா செம்மண் கொட்டுதெண்டா மாத்துங்கோ, கழுவி வெயிலில காய வைச்சுப் போடாதேங்கோ, கடதாசி பில்டர் கழுவுறதுக்கு இல்லை.

பிறகு ஏர் பில்டருக்கும் எஞ்சினுக்கும் இடையில போற ரப்பர் ஹோஸ், அதில இருந்து பிரியிற சின்ன வக்கூம் ஹோஸ், பிசிவி ஹோஸ் (எஞ்சினுக்கை சேருற ஆவியைத் திருப்பி இன்டேக்குக்கு விடுற ஹோஸ்). எங்கட வெயிலுக்கு பத்துப் பதினைஞ்சு வருசத்து ரப்பர் காய்ஞ்சு வெடிக்கும், மடிச்சுப் பாத்தாத்தான் வெடிப்புத் தெரியும். அதுக்குள்ளால கணக்கில வராத காத்துப் போகும், கலவையில பெற்றோல் குறையும், ஆறின எஞ்சின் உதறும், சூடேறி ஹோஸ் இளகினா வெடிப்பு கொஞ்சம் மூடிக்கொள்ளும். எஞ்சின் ஓடேக்க ஸ்ஸ்ஸ் எண்டு சத்தம் கேக்கும். சந்தேகப்படுற இடத்துக்கு சவர்க்காரத் தண்ணியைக் கொஞ்சம் விசிறுங்கோ, சத்தமோ ஸ்லோவோ மாறினா அந்த இடம்தான். கார்பரேற்றர் கிளீனர் அடிச்சுப் பாக்கிற வழி யூரியூப்ல கனக்கக் கிடக்கு, சூடான சைலன்சருக்குப் பக்கத்தில நெருப்புப் பத்தும், வீட்டில செய்யாதேங்கோ.

பிளக்கும் கொயிலும்

2020ல வாகன இறக்குமதியை நிப்பாட்டி 2025லதான் தனியார் வாகனத்துக்குத் திருப்பித் திறந்தது, அதால இங்க ஓடுறது பெரும்பாலும் வயசு போன யப்பான் கார்களும் மாருதியும். இந்த வயசில பிளக் கடைசியா எப்ப மாத்தினது எண்டு கனபேருக்குத் தெரியாது, காரை ரெண்டு மூண்டு கை மாறி வேண்டியிருப்பினம். சாதாரண பிளக் 20,000 - 40,000 கிலோமீற்றர், இரிடியம் எண்டா 100,000 வரைக்கும் போகும்.

எஞ்சின் ஆறினாப் பிறகுதான் கழட்டோணும், சூட்டில கழட்டினா அலுமினியம் ஹெட்டின்ர மரை கையோட வரும். கழட்ட முதல் அந்தக் குழியைச் சுத்தி இருக்கிற புழுதியை ரயர் காத்தால ஊதித் துப்பரவாக்குங்கோ, இல்லாட்டி செம்மண் நேர சிலிண்டருக்கை போகும். கொயிலைத் தூக்கினா குழிக்கை ஒயில் நிக்குதோ? அப்ப டப்பெட் கவர் (எஞ்சினின்ர மேல் மூடி) பக்கிங் கசியுது, ஒயில் ஊறின கொயில் ரப்பருக்குள்ளால ஸ்பார்க் வேற வழியால ஓடும், பிளக்கை மாத்தி ஒரு பிரியோசனமும் இல்லை, பக்கிங்கை மாத்தோணும்.

கழட்டின பிளக்கை எந்தச் சிலிண்டர் எண்டு நம்பர் எழுதி வரிசையா வைச்சுப் பாருங்கோ. நாலும் ஒரே நிறமா, சாம்பலும் மண்ணிறமும் கலந்த மாதிரி இருந்தா எரியிறது சரி. நாலும் காய்ஞ்ச கரியா இருந்தா பெற்றோல் கூட, பிழை பிளக்கில இல்லை. ஒண்டு மட்டும் பெற்றோல்ல நனைஞ்சிருந்தா அந்தச் சிலிண்டருக்கு ஸ்பார்க் போகேல்லை, இல்லாட்டி அதின்ர இஞ்செக்டர் ஒழுகுது. ஒண்டு மட்டும் ஒயில்ல பிசுபிசுத்தா றிங் (பிஸ்ரனைச் சுத்தி இருக்கிற வளையம்) அல்லது வால்வ் சீல். வெளுத்துப்போய் நுனி கொப்பளிச்சிருந்தா பெற்றோல் குறைவு இல்லாட்டிக் கூடின சூடு. ஒண்டு மட்டும் கழுவி வைச்ச மாதிரி வெள்ளையாப் பளிச்செண்டு இருந்தா கவனம், அதுக்குள்ள கூலன்ட் போகுது.

புதுசு போடேக்க கார் புத்தகத்தில சொன்ன நம்பரையே வேண்டுங்கோ, இடைவெளியும் அதில இருக்கும், கனக்க யப்பான் எஞ்சினுக்கு 1.0 - 1.1 மில்லிமீற்றர். இரிடியம் பிளக்கை கம்பி பிரஷ் போட்டு உரஞ்சாதேங்கோ, நுனி மெல்லிசு, போயிடும். பெயர் பெற்ற பிளக்குகளுக்கு போலியும் கனக்க வருது, வழமையில பாதி விலைக்கு ஒருத்தர் தந்தா யோசியுங்கோ. பூட்டேக்க கையாலயே கடைசி வரைக்கும் முறுக்கிப்போட்டு, புது வாஷரோட வாற பிளக் எண்டா சாவியால அரைச் சுத்து, அவ்வளவுதான். மரை போனா பிறகு ஹெட் வேலை.

கொயில் பிழையோ எண்டு பாக்க காசே தேவையில்லை. உதறுற சிலிண்டர் கொயிலை பக்கத்துச் சிலிண்டருக்கு மாத்திப் பூட்டுங்கோ, அடுத்த நாள் முதல் ஸ்ரார்ட்ல பிழையும் கூடவே அந்தச் சிலிண்டருக்குப் போனா கொயில்தான் பிழை, போகாட்டி கொயில்ல குற்றமில்லை. ஸ்கேனர் (ஈசியூவில பதிஞ்ச பிழை நம்பரைப் படிக்கிற கருவி) இருந்தா சுலபம், பி0301 எண்டா ஒண்டாம் சிலிண்டர், பி0302 எண்டா ரெண்டாவது. ஒண்டையும் ரெண்டையும் மாத்தின பிறகு 0301 போய் 0302 வந்தா முடிஞ்சுது கதை. நாலு கொயிலையும் ஒண்டா மாத்தச் சொன்னா ஏன் எண்டு கேளுங்கோ.

டிஸ்ரிபியூட்டர் (ஸ்பார்க் கரண்டை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரிச்சு அனுப்பிற சாமான்) இருக்கிற பழைய கார் எண்டா மாரியில மூடிக்குள்ள ஈரம் கட்டும். மூடியைக் கழட்டித் துடைச்சு வெடிப்புப் பாருங்கோ, இரவு இருட்டில எஞ்சினை ஓடவிட்டு பொனற்றைத் திறந்து பாத்தா பழுதான பிளக் வயர் நீலமா மினுங்கிறது கண்ணுக்கே தெரியும், கையை மட்டும் வைக்காதேங்கோ.

பெற்றோல்

ஒரு சின்னச் சோதனை. சாவியை ஒண் பண்ணி ஸ்ரார்ட் அடிக்காமல் மூண்டு செக்கன் விடுங்கோ, பின் சீற்றுப் பக்கம் ங்ங் எண்டு பம்ப் ஓடிற சத்தம் கேக்கும், ஓஃப் பண்ணுங்கோ, இப்பிடி மூண்டு தரம் செய்துபோட்டு ஸ்ரார்ட் பண்ணுங்கோ. அண்டைக்கு மட்டும் உதறாமல் பத்தினா இரவு லைன்ல பிறஷர் இறங்குது எண்டு அர்த்தம், பம்ப்புக்கை இருக்கிற ஒருவழி வால்வ் விடுது, இல்லாட்டி இஞ்செக்டர் ஒழுகுது. சில கார்களில, குறிப்பா கன ரொயோட்டாவில, ஸ்ரார்ட் அடிக்கேக்கதான் பம்ப் ஓடும், அதுக்கு இந்தச் சோதனை சரிவராது, பிறஷர் கேஜ் பூட்டித்தான் பாக்கோணும், அது கராஜ் வேலை. பெற்றோல் லைனை வீட்டில கழட்டாதேங்கோ.

ரெண்டில எது எண்டு பிரிக்கவும் ஒரு வழி கிடக்கு. அடுத்த நாள் காலமை எக்ஸிலேட்டரைத் தரையோட அமத்திப் பிடிச்சுக்கொண்டு ஸ்ரார்ட் அடியுங்கோ, கனக்க இஞ்செக்டர் எஞ்சின்களில அப்பிடி அமத்தினா ஈசியூ பெற்றோலை நிப்பாட்டி வெறும் காத்தை மட்டும் விடும். அப்பிடிச் செய்ய சுலபமாப் பத்தி கறுப்புப் புகை ஒண்டு தள்ளினா, சிலிண்டருக்கை ஏற்கனவே பெற்றோல் தேங்கி நிண்டிருக்கு, இஞ்செக்டர்தான் ஒழுகுது. பத்தின உடன காலை எடுத்திடுங்கோ.

அடுத்தது பெற்றோலின்ர தரம். 2022 தட்டுப்பாட்டில கியூஆர் காட்டி வரிசையில நிண்டு பட்ட பாட்டுக்குப் பிறகு கானில பெற்றோல் சேத்து வைக்கிற பழக்கம் கன வீட்டில விடுபடேல்லை. மாசக்கணக்கா பிளாஸ்ரிக் கான்ல வெயில் படுற கொட்டிலுக்கை நிண்ட பெற்றோல்ல லேசா ஆவியாகிற பகுதிதான் முதல்ல பறக்கும், ஆறின எஞ்சின் பத்திறதுக்குத் தேவையானதும் அந்தப் பகுதிதான். மிச்சம் நிக்கிறது சூடான எஞ்சின்ல எரியும், காலமையில உதறும். அதோட மூடி சரியில்லாத கானுக்கை மாரியில தண்ணியும் சேரும். ஒரு கண்ணாடிப் போத்தில்ல கொஞ்சம் எடுத்து ஆறுதலா அரை மணித்தியாலம் வைச்சா தண்ணி அடியில பிரிஞ்சு நிக்கும். இந்தப் பிழை எண்டா பழசை புல்லு வெட்டிற மெசினுக்கோ தண்ணிப் பம்ப்புக்கோ குடுத்திட்டு (தண்ணி இல்லாட்டி மட்டும்) நல்ல பெற்றோல் செட்டில புதுசு நிறைய அடிச்சு ரெண்டு மூண்டு நாள் ஓடிப் பாருங்கோ. 92 ஒக்ரேன் பெற்றோல்ல ஓடுற எஞ்சினுக்கு 95 அடிச்சா உதறல் போகும் எண்டு சொல்லுறதை நம்பாதேங்கோ, ஒக்ரேன் எண்டது எஞ்சின் நொக் அடிக்காமல் எரியிறதுக்கு, ஸ்ரார்ட்டுக்கு இல்லை.

த்ரொட்டில், சென்சர், ஸ்கேனர்

த்ரொட்டில் பொடியில கரி கட்டினா ஸ்லோவுக்குப் போற காத்து குறையும். அதுக்குரிய கிளீனரைத் துணியில அடிச்சு துடையுங்கோ, சாவி ஒண்ல இருக்கேக்க அந்தத் தட்டை விரலால தள்ளாதேங்கோ, மோட்டர்ப் பல்லு உடையும், விரலும் போகும். துடைச்ச பிறகு சில கார், நிசான் முக்கியமா, ஸ்லோவை ஸ்கேனரால திருப்பிப் பழக்கோணும், இல்லாட்டி 1500லயே நிக்கும். எம்ஏஎஃப் சென்சர் (உள்ளுக்கை போற காத்தை அளக்கிறது) எண்டா அதுக்கெண்டு வாற ஸ்பிரே மட்டும், விரலோ துணியோ அந்த மயிர் மாதிரிக் கம்பியில படக்கூடாது.

போனோட சேருற சின்ன புளூரூத் ஸ்கேனர் ஒண்டு கையில இருந்தா காலமைப் பிழைக்கு அதைப்போல உதவி இல்லை. முதல் ஸ்ரார்ட்டுக்கு முதல் சாவியை ஒண் பண்ணி கூலன்ட் வெப்பநிலையையும் உள்ளுக்கை வாற காத்தின்ர வெப்பநிலையையும் பாருங்கோ. இரவு முழுக்க நிண்ட கார் எண்டா ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவில நிக்கோணும், 24 பாகை காத்து எண்டா கூலன்ட்டும் அந்த அளவில. காத்து 24, கூலன்ட் 60 எண்டு காட்டினா சென்சர் பொய் சொல்லுது, ஈசியூ எஞ்சின் சூடு எண்டு நம்பி பெற்றோலைக் குறைச்சு அடிக்கும், உதறும். மைனஸ் 40 எண்டு காட்டினா வயர் அறுந்திருக்கு, அப்ப சில கார் பெற்றோலை அள்ளி ஊத்தும். சென்சர் விலை பெரிசில்லை. சூடேறின பிறகு பாத்தா இந்தப் பிழை தெரியவே தெரியாது.

பியூல் ட்ரிம் (ஈசியூ பெற்றோலை எவ்வளவு கூட்டிக் குறைச்சு அடிக்குது எண்ட வீதம்) எண்டு ஒண்டும் காட்டும். ஸ்லோவில 10 வீதத்துக்கு மேல கூட்டலா நிண்டு, ஆர்பிஎம் ஏத்த குறைஞ்சா எங்கையோ காத்து இழுக்குது, ஹோஸைத் திருப்பிப் பாருங்கோ. ஆர்பிஎம் ஏத்தியும் குறையாட்டி எம்ஏஎஃப் அல்லது பெற்றோல் பிறஷர்.

கூலன்ட் கோடு இறங்கியிருந்தா

வெளியில எங்கையும் கசிவில்லை, ஆனா போத்தில்ல தண்ணி குறையுது, காலமை ஒரு சிலிண்டர் மிஸ் அடிச்சு அரை நிமிசத்தில சரிவருது, வெள்ளைப் புகை வருது. இது பெரும்பாலும் ஹெட் கஸ்கற் (எஞ்சின் ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் இடையில இருக்கிற பக்கிங்) போனது. ஓஃப் பண்ணின பிறகும் கூலிங் சிஸ்ரத்துக்கை பிறஷர் இருக்கும், அது இரவு மெல்ல மெல்ல தண்ணியை சிலிண்டருக்கை தள்ளும், விடிய அந்தச் சிலிண்டர் ஈரம் காயும் வரைக்கும் எரியாது. தண்ணி கூடச் சேந்தா எஞ்சின் சுத்தாமல் முட்டிக் கொன்ரோட் (பிஸ்ரனைப் பிடிக்கிற தண்டு) வளையும், அதால இதைத் தள்ளிப் போடக்கூடாது. நிறம் மாறுற திரவத்தால செய்யிற சோதனையும் இரவு பிறஷர் ஏத்தி விட்டுச் செய்யிற சோதனையும் கராஜ்ல கேளுங்கோ.

எங்கட கிணத்துத் தண்ணி கல்லுத் தண்ணி, கேத்தில்ல வெள்ளையாப் படியிறது எல்லாருக்கும் தெரியும், அதே படிவு ரேடியேற்றருக்கையும் கட்டி எஞ்சினைச் சூடாக்கி கஸ்கற்றைக் கொண்டு போகும். கூலன்ட்டே விடுங்கோ, அவசரத்துக்கு பற்றறித் தண்ணி (வடிச்ச தண்ணி, அசிட் இல்லை).

கைபிறிட் வைச்சிருக்கிற ஆக்களுக்கு ஒண்டு: 2010 - 2015 மொடல் பிரியஸ்ல ஈஜிஆர் கூலர் (எஞ்சினுக்கே திருப்பி விடுற புகையை ஆத்திற சாமான்) கரியால அடைச்சு பிறகு ஹெட் கஸ்கற் போறது உலகம் முழுக்கத் தெரிஞ்ச வருத்தம், காலமை முதல் பத்தேக்க கார் குலுங்கினா அதைத்தான் முதல்ல பாருங்கோ.

டீசல் வான் எண்டா

கதை வேற, அங்க பிளக் ஸ்பார்க் ஒண்டும் இல்லை. ஹீற்றர் பிளக் (ஸ்ரார்ட்டுக்கு சிலிண்டரைச் சூடாக்கிறது) ஒண்டு ரெண்டு செத்தாலே காலமை வெள்ளைப் புகையோட உதறும், வயரைக் கழட்டி மீற்றரை ஓம்ல வைச்சுப் பாத்தா நல்லது 1 ஓம் அளவிலயோ அதுக்குக் கீழயோ காட்டும், செத்தது ஒண்டும் காட்டாது. பில்டரடியில தண்ணி வடிக்கிற குமிழைத் திறந்து விடுங்கோ. அப்பிடியும் இருந்தா இரவு லைனுக்கை காத்து இழுக்குது, பில்டருக்கு மேல இருக்கிற கை பம்ப்பை இறுகும் வரைக்கும் அமத்திப்போட்டு ஸ்ரார்ட் பண்ணிப் பாருங்கோ, அதில சரிவந்தா ஹோஸ், கிளிப், வாஷரைத் தேடுங்கோ.

கராஜுக்குக் குடுக்கேக்க

இவ்வளவும் பாத்தும் பிடிபடாட்டி கொம்பிரஷன் (சிலிண்டர் காத்தை அமத்திற பிறஷர்) பாக்கோணும், சிலிண்டருக்குச் சிலிண்டர் 10 வீதத்துக்கு மேல வித்தியாசம் இருக்கக்கூடாது, குறைஞ்ச சிலிண்டருக்கை கொஞ்சம் ஒயில் விட்டுத் திருப்பி அடிக்க ஏறினா றிங், ஏறாட்டி வால்வ் அல்லது கஸ்கற். அந்த வேலைக்கு காரைப் பகல்ல கொண்டுபோய் நிண்டு எடுக்காதேங்கோ. முதல் நாள் பின்னேரமே கராஜ்ல விட்டிட்டு பஸ்ஸில வாங்கோ, "அண்ணை, காலமை நீங்களே முதல் ஸ்ரார்ட் அடியுங்கோ, அதுக்கு முதல் ஒருத்தரும் தொட வேண்டாம்" எண்டு சொல்லிப்போட்டு, எடுத்த வீடியோவையும் அவருக்கு வைபர்லயோ வாட்ஸப்லயோ அனுப்பி விடுங்கோ. சாமான் மாத்தினா பழசைக் கேட்டு வேண்டுங்கோ. வவுனியாவில கிடைக்காத சாமானை கொழும்பு பஞ்சிகாவத்தையில இருந்து பாவிச்சதா எடுப்பிக்கிறதெண்டா கழட்டின பழைய சாமானில இருக்கிற நம்பரைப் படம் எடுத்து அனுப்புங்கோ, கார் மொடல் பெயரை மட்டும் சொன்னா வேற சாமான்தான் ஏ9 பஸ்ஸில வந்து இறங்கும்.